கையைக் கட்டு, வாயைப் பொத்து!

நம்ம ஊர் எல்.கே.ஜி வகுப்பில் மூன்றரை வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம் எது தெரியுமா? 'அ'வும் இல்லை, 'ஏ'வும் இல்லை. "கையைக் கட்டு, வாயைப் பொத்து!" இதுதான் முதல் பாடம். அப்புறம்தான் மற்றதெல்லாம். ஒரு வருஷத்தில் அ, ஆ மறந்தாலும் மறக்கும், இந்தப் பாடம் மட்டும் சாகும்வரை மறக்காது.

நம்பவில்லை என்றால் நம்ம வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் இருக்கிறோம். பேராசிரியர் பலகை முழுக்க சமன்பாடு எழுதி முடித்துவிட்டு "எனி டவுட்ஸ்?" என்று திரும்புகிறார். ஒரு சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். அறுபது பேருக்கும் எல்லாமே புரிந்துவிட்டதா? வெளியே வந்து டீக்கடையில் நின்று "உனக்கு ஏதாச்சும் புரிஞ்சுதாடா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோமே, அங்கே தெரியும் லட்சணம். கேள்வி இல்லாமல் இல்லை. கேட்கிற வாயைத்தான் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடியே மூடிவிட்டார்கள். கல்லூரியில் கருத்தரங்கு வைத்து "மாணவர்களிடம் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லை" என்று புலம்புகிறவர்கள், தயவுசெய்து ஒருநாள் ஏதாவது ஒரு நர்சரி பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். நோய் அங்கே ஆரம்பிக்கிறது.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மலைமேல் இருப்பது யார்?

எங்கள் ஊர் திருவந்திபுரம். கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாத சுவாமி கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே சின்ன மலை, ஔஷதகிரி என்று பெயர். மலைமேல் ஹயக்ரீவர், குதிரை முகக் கடவுள், கல்விக்கு அதிபதி. பரீட்சைக் காலம் வந்தால் பேனா, நோட்டு, ஹால் டிக்கெட் சகிதம் பிள்ளைகளையும் பெற்றோரையும் படிகளில் பார்க்கலாம். நானும் பத்தாம் வகுப்பில் போனவன்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தப் படிகளில் நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாலு வயசுப் பிள்ளை ஒன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. "ஏம்மா சாமிக்குக் குதிரை மூஞ்சி?" "குரங்குக்கு வீடு எங்கம்மா இருக்கு?" "இந்தக் கல்லு ஏன் சுடுது, அந்தக் கல்லு ஏன் சுடல?" "இங்க இருந்து பாத்தா ஆறு ஏன் சின்னதா தெரியுது?" புராணம், விலங்கியல், வெப்பவியல், ஒளியியல் - நாலு பாடமும் நாலு படியில் வந்துவிட்டது! அம்மா என்ன சொல்கிறார்? "பேசாம வா. சாமிகிட்ட நல்லாப் படிப்பு வரணும்னு வேண்டிக்கோ."

படிப்பு வந்துகொண்டேதான் இருந்தது அம்மா. நீங்கள்தான் "பேசாம வா" என்று நிறுத்தினீர்கள்.

அந்த அம்மாவைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இங்கேயே வாழ்ந்த வேதாந்த தேசிகரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். அவ்வளவு பெரிய அறிஞர் தன் கையாலேயே கட்டினார் என்று ஒரு கிணற்றை இன்றும் எங்கள் ஊரில் காட்டுகிறார்கள். பாரம்பரியச் செய்திதான், கல்வெட்டு ஆதாரமெல்லாம் நான் கேட்கவில்லை. ஆனால் சொல்லவரும் விஷயம் அழகானது: கை வேலை செய்யத் தெரியாத மூளை அறிவாளி மூளை இல்லை. இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு நாம் நம் பிள்ளைகளின் கையைக் கட்டிவைக்கிறோம்!

எட்டு எலும்பில் மூன்று

என் அக்கா மகனுக்கு நாலு வயது. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஒரு பள்ளியின் பிரச்சினை இல்லை இது, தெருவுக்குத் தெரு இதே கதைதான். சேர்க்கும்போது பிள்ளைக்கு நேர்காணல். பெயர் மட்டும் 'இன்டராக்‌ஷன்'! நிறம் கேட்டார்கள், பழம் கேட்டார்கள், ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13, பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை. சட்டம் இருக்கிறது. 'இன்டராக்‌ஷனு'ம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

சேர்ந்தாச்சு. தினமும் சாயந்திரம் வேனில் இருந்து இறங்கும்போதே தூக்கக் கலக்கம். பையில் நாலுகோடு போட்ட நோட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து. கோட்டைத் தாண்டினால் சிவப்பு மையில் வட்டம். டைரியில் "கையெழுத்தில் கவனம் தேவை" என்று குறிப்பு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து எழுதவைக்கிறாள். அவன் அழுகிறான், அவளும் அழாத குறைதான். எட்டு மணிக்கு வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது ஒரு சின்ன உடற்கூறு. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் மூன்று, நான்குதான் தெரியும். கடைசி எலும்பு தெரிவதற்கு 8 வயதில் இருந்து 12 வயது வரை ஆகும். பிள்ளையின் வயதைக் கணிக்க மருத்துவர்கள் கை எக்ஸ்ரே எடுப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான். விரல்களின் சின்னத் தசைகளும் அப்படித்தான், மெதுவாகத்தான் பலப்படும். அவை பலப்பட என்ன வேண்டும்? களிமண் பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், புளியங்கொட்டை பொறுக்க வேண்டும், காகிதம் கிழிக்க வேண்டும், மணலில் விரலால் கிறுக்க வேண்டும். பல்லாங்குழியில் பதினான்கு குழிக்கும் சோழி போட்டுக்கொண்டே போகிற பிள்ளைக்கு விரல் பயிற்சி, எண்ணிக்கை, கூட்டல், அடுத்தவன் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கும் பொறுமை எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. அதை 'விளையாட்டு' என்று ஒதுக்கிவிட்டு, முழுசாக வளராத கையில் பென்சிலைத் திணித்து 'படிப்பு' என்கிறோம்.

26க்கும் 2க்கும் உள்ள தூரம்

பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்று இரண்டு பேர் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்து 1984ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நாலு வயதுச் சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் நர்சரி பள்ளியிலும் பதிவு செய்தார்கள். வீட்டில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 26 கேள்வி கேட்ட பிள்ளைகள், பள்ளியில் ஒரு மணி நேரத்துக்கு 2 கேள்விதான் கேட்டார்கள். அதே பிள்ளைகள்! அதுவும் அந்த நர்சரிகள் அடிக்கிற பள்ளிகள் இல்லை, மனப்பாடம் செய்யவைக்கிற பள்ளிகளும் இல்லை. நல்ல பொம்மை, நல்ல ஆசிரியர் இருந்த பள்ளிகள். அங்கேயே இப்படி என்றால், ஐம்பது பிள்ளையை ஒரு அறையில் அடைத்து வாயில் விரல் வைக்கச் சொல்லும் நம்ம ஊரில் எத்தனை கேள்வி மிஞ்சும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டில் கேள்வி கேட்டது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் வீட்டில் நிறையப் பேசினார்கள், கேட்டார்கள். பள்ளியில் வாயடைத்துப் போனது அவர்கள்தான் அதிகம். 'படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் இருக்காது' என்று சொல்கிறவர்கள் முகத்தில் கரி.

கைகட்டி வாய்பொத்தி நிற்பது யாருடைய பழக்கம்?

'கைகட்டி வாய்பொத்தி' என்று தமிழில் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. எதற்குச் சொல்வோம்? பண்ணையார் முன்னால் கூலிக்காரன் நின்ற நிலைக்கு. நம் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல்வயல் கிராமங்களில் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள், யார் யார் முன்னால் யார் யார் அப்படி நின்றார்கள் என்று. அது மரியாதையின் அடையாளம் இல்லை, அடிமையின் அடையாளம். 1916ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது எதற்கு? அப்படி நிற்கவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்குத்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வயலில் ஒழிய வேண்டும் என்று போராடி ஒழித்த அதே நிலையை, ஃபீஸ் கட்டி, டை கட்டி, ஷூ போட்டு, எல்.கே.ஜி வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் சமமாகச் சொல்லித்தருகிறோம். இதற்குப் பெயர் ஒழுக்கமாம்!

"அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம்தான் பெஸ்ட்" என்று கிளம்பும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. திண்ணைப் பள்ளியில் நல்ல விஷயங்கள் இருந்தன. மணலில் எழுதுவது, பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லித்தருவது. சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தி, 1797ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகள் நம்ம மணலில் எழுதக் கற்றுக்கொண்டார்கள்! ஆனால் அதே திண்ணையில்தான் கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனையும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் திண்ணையில் இடமும் இல்லை. ஆகவே பழசு எல்லாம் பொன் என்ற பேச்சு எனக்கு ஒத்துவராது. எடுக்க வேண்டியதை எடுப்போம், எரிக்க வேண்டியதை எரிப்போம்.

நாமே செய்தோம், நாமே சிரித்தோம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பின்லாந்தைப் பார், ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் நம் அரசுப் பள்ளியிலேயே ஒரு பெரிய காரியம் நடந்தது. அதைப் பற்றி நம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தது கிண்டல் மட்டும்.

செயல்வழிக் கற்றல்.

ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி என்ற இடம் இருக்கிறது. ஜே.கிருஷ்ணமூர்த்தியின் கல்வி நிறுவனம். அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதி, சுற்று வட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்து ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார்கள். 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். முதலில் 13 பள்ளிகள். அப்புறம் எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளும். அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனதும் மாநிலம் முழுக்கப் பரவியது. 2007ல் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகள்! ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை. இவ்வளவு பெரிய அளவில் வகுப்பறையையே தலைகீழாக மாற்றிப் பார்த்த அரசுகள் ரொம்பக் குறைவு.

தலைகீழ் என்று சும்மா சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று பாருங்கள்:

1. ஆசிரியருக்கு நாற்காலி இல்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும்.

2. சுவர் ஓரமாகப் பிள்ளை உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. கோட்டைத் தாண்டினால் சிவப்பு வட்டம் இல்லை, அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

3. வருகைப் பதிவைப் பிள்ளையே குறிக்கும். இன்றைக்கு வெயிலா மழையா என்று வெளியே போய்ப் பார்த்து அட்டவணையிலும் பிள்ளையே குறிக்கும்.

4. தலைக்குமேல் கம்பிப் பந்தல். பிள்ளை வரைந்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் அதில் தொங்கும்.

5. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம். சுவரில் ஏணிப் படம். தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். போய்த் தட்டில் இருந்து அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவில் உட்காரும்.

இதில் ஐந்தாவதுதான் உயிர். காரணம் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் எத்தனை பேர்? பிள்ளை ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும். சாதாரண வகுப்பில் பாடம் ஓடிப்போயிருக்கும். பிள்ளை கடைசி வரிசையில் உட்காரும், அடுத்த வருஷம் உட்காராது, நின்றுவிடும். ஏணி முறையில் அந்தப் பிள்ளை விட்ட படியில் இருந்து ஏறலாம். யாரும் "இவ்வளவு நாள் எங்க போன?" என்று எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளைக்காகப் பாடம் காத்திருந்தது. நம் கல்வி வரலாற்றில் அது எத்தனை தடவை நடந்திருக்கிறது?

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "அட்டை பொறுக்குற ஸ்கூல்" என்றோம். "வாத்தியார் தரையில உக்காந்தா மரியாதை போச்சு" என்றோம். தமிழ் எழுத்தில் நேர்கோட்டில் எழுதவரும் ட, ப மாதிரி எழுத்துகளில் ஆரம்பித்தால் "அ-வில் ஆரம்பிக்காத தமிழா!" என்று கொதித்தோம். 'அ' எழுத எத்தனை வளைவு என்று ஒரு நிமிஷம் எழுதிப் பார்த்திருந்தால் கொதித்திருக்க மாட்டோம். கொதித்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அப்போது ஆங்கில வழிப் பள்ளியில் 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லிக்கொண்டிருந்தன என்பது தனிக்கதை.

நியாயமான குறைகளும் இருந்தன

எதிர்ப்பு எல்லாமே வெட்டி என்று சொன்னால் அது பொய். முறை சரி, புகுத்திய விதம் தப்பு. ஆணை போட்டு, ஆய்வுக்கு ஆள் அனுப்பி, "அட்டை எங்கே, ஏணி எங்கே" என்று எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளையின் சுதந்திரத்துக்கு வந்த முறை ஆசிரியரின் சுதந்திரத்தைப் பிடுங்கியது. இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால், ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் நூற்றுக்கணக்கான அட்டைகளையும் மற்றவர் ஒருத்தராகச் சமாளிக்க வேண்டும். கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை வராது. கொஞ்ச நாளில் பல இடங்களில் அட்டையும் ஒரு சடங்கு ஆகிவிட்டது. பிள்ளை அட்டையை எடுக்கும், வைக்கும், டிக் அடிக்கும். கேள்வி மட்டும் வராது.

2012-13ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீட்டு முறையும் வந்தபோது இதுவும் 'எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல்' ஆனது. புத்தகம் மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தது.

"சரி, இவ்வளவு செய்தும் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லையே?" என்று அசர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உண்மைதான். கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் அந்தக் கணக்கில், தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள் என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இது வெட்கப்பட வேண்டிய விஷயம், மழுப்ப மாட்டேன். ஆனால் இதற்கு மருந்து "பழையபடி பத்துத் தடவை எழுது" என்பதா? மனப்பாட வகுப்பில் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பாடம் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கடகடவென்று சொல்லும். விரல் வேறு வரியில் இருக்கும்! அது வாசிப்பு இல்லை, டேப் ரெக்கார்டர்.

ஆர்வத்தை வளர்ப்பது என்றால் எழுத்தே சொல்லித்தராமல் விடுவது என்று அர்த்தம் இல்லை. எழுத்தை முறையாக, பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். ஆனால் அந்த எழுத்தை வைத்து எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பசி பிள்ளைக்கு இருக்க வேண்டும். பசி இல்லாதவனுக்கு ஊட்டினால் துப்பத்தான் செய்வான்.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டதாகத்தான் தெரிகிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்பாடு என்று நடத்துகிறார்கள். பெயரே அழகு. அரும்பை யாரும் 'ஃபெயில்' என்று சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியர்கள் தொடக்கத்தில் இருந்தே சொல்லும் குறை ஒன்று இருக்கிறது: செயலியில் மதிப்பீடு, பதிவேற்றம், அந்த விவரம், இந்த விவரம். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கைபேசித் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. செயல்வழிக் கற்றலைக் கொன்றது எதுவோ அது வேறு உருவத்தில் மறுபடி வருகிறது. யாராவது கவனித்தால் சரி.

வயிறும் பிள்ளைதான்

'முழுமையான வளர்ச்சி' என்று சொன்னால் உடனே கராத்தே, கீபோர்டு, அபாகஸ், ஹிந்தி என்று தனித்தனி ஃபீஸ் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அது முழுமை இல்லை, மூட்டை. முழுமை என்றால் பிள்ளையின் வயிறு, தூக்கம், பயம், நட்பு, கை, கால், கற்பனை எல்லாவற்றையும் பள்ளி கணக்கில் எடுப்பது. அந்த வகையில் 1956ல் காமராஜர் காலத்தில் வந்த மதிய உணவும், 1982ல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போன காலை உணவும் கல்வித் திட்டங்கள்தான். பசித்த பிள்ளை கேட்கும் ஒரே கேள்வி "மணி எப்ப அடிக்கும்?" என்பது. சுமார் 54,000 அங்கன்வாடிகள் வைத்திருக்கும் மாநிலம் இது. அந்தக் கட்டமைப்பை 'சோறு போடுற இடம்' என்று நினைக்காமல் மூன்று வயதுக்கான நல்ல விளையாட்டுப் பள்ளியாக மாற்றினால், தெருமுனை நர்சரிக்கு ஏழை அம்மா கடன் வாங்கி ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று நம் அரசு அறிவித்தது. பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். நல்லவேளை. ஆனால் அந்த யோசனை யாருக்கோ தோன்றியது, அதிகாரிகள் அதை ஆணையாக்கினார்கள், நிறையப் பெற்றோர் "நல்லதுதானே, பிள்ளைங்க படிக்கும்" என்றார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பயம்.

"போட்டி உலகம் தம்பி..."

இதைப் பேசினால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"போட்டி உலகம் தம்பி, சின்னதிலேயே பழக்கணும்." எதற்குப் பழக்க வேண்டும்? பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் நிற்கும் சில மரங்களின் விதை, தாய் மரத்திலேயே தொங்கிக்கொண்டு முளைவிட்டு, நீளமாக வளர்ந்த பிறகுதான் சேற்றில் விழும். முளைக்கும் முன்பே உப்பில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அந்த மரத்துக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

"விளையாடவிட்டா படிப்பு வருமா?" அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962ல் ஆரம்பித்து 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு, பிள்ளையே திட்டமிட்டுச் செய்து பார்க்கும் வகையிலான முன்பள்ளி. மீதிப் பேருக்கு அது இல்லை. நாற்பது வயது வரை பின்தொடர்ந்து பார்த்ததில், முன்பள்ளிக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வேலையில் இருந்தவர்கள் அதிகம், கைதானவர்கள் குறைவு. நாலுகோடு நோட்டுக்கு இப்படி ஒரு சாட்சி இருந்தால் காட்டுங்கள், நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன்!

"இதெல்லாம் வசதியானவங்களுக்கு, ஏழைக்கு மார்க்குதான் ஏணி." இந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். ஒரு கட்டிடத் தொழிலாளியின் பிள்ளைக்கு ஆர்வம் ஆடம்பரம், ஐ.டி கம்பெனி மேலாளரின் பிள்ளைக்கு மட்டும் அவசியம் என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தன் கேள்வி கேட்கப் பழக வேண்டும், இன்னொருத்தன் பதில் சொல்லக் கைகட்டி நிற்கப் பழக வேண்டும் என்றுதானே? பெரிய ஊர்களில் லட்சம் லட்சமாக வாங்கும் பள்ளிகளில் மாண்டிசோரி சாமான்கள், மணல் தொட்டி எல்லாம் இருக்கின்றன. அம்மையார் மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் வேலையை ஆரம்பித்ததே ரோம் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளிடம், 1907ல். ஏழைக்கென்று பிறந்ததைப் பணக்காரன் வாங்கிக்கொண்டான், பணக்காரன் தூக்கிப்போட்ட மனப்பாடத்தை ஏழைக்கு விற்கிறார்கள். வியாபாரம் எப்படி?

என்ன செய்யலாம்?

அரசு ஆணைக்காகக் காத்திருக்காமல் செய்ய முடிந்தவை:

- எல்.கே.ஜி, யு.கே.ஜி பிள்ளைக்கு எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம் என்று பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம். ஒருத்தர் போனால் "உங்க பிள்ளை மட்டும் வீக்" என்பார்கள். பத்துப் பேர் போனால் யோசிப்பார்கள். ஃபீஸ் கட்டுகிறவர் குரலுக்கு அந்த அளவு மதிப்பாவது இருக்கிறது.

- பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்காமல் "இன்னைக்கு என்ன கேட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நாள் பதில் இருக்காது. அந்த மௌனமே உங்களுக்கு ஒரு அறிக்கை.

- பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியலடா, வா பாப்போம்" என்று சொல்லுங்கள். கெடிலத்தில் ஏன் தண்ணீர் இல்லை, முந்திரிக்கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே தொங்குகிறது, பலாப்பழப் பால் ஏன் எண்ணெய்க்குத்தான் போகும்? நம் ஊரைச் சுற்றியே ஒரு வருஷத்துக்கான பாடத்திட்டம் கிடக்கிறது.

- நண்பர்களே, இது நமக்கு. நம் ஊர் தொடக்கப் பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிப் போவோம். அறிவுரை சொல்ல வேண்டாம். ஒரு லென்ஸ், ஒரு காந்தம், ஒரு கதைப் புத்தகம் போதும். பிள்ளைகள் கேட்பதைக் கேட்டுவிட்டு வருவோம். அவர்களிடம் இருந்து நமக்கும் கொஞ்சம் தொற்றினால் நல்லது.

- ஆசிரியர் பயிற்சி படிக்கும் தோழர்களுக்கு: வகுப்பில் பிள்ளை சத்தம் போட்டால் மேலதிகாரி முறைப்பார். முறைக்கட்டும். சுடுகாடுதான் அமைதியாக இருக்கும், பள்ளிக்கூடம் ஏன் அமைதியாக இருக்க வேண்டும்?

பள்ளிக்கூடம் போகும் முதல்நாள் பிள்ளை எதையும் கேட்கும். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அரசு நிதி ஒதுக்கவில்லை. பிறக்கும்போதே கொண்டுவந்தது. நாம் புதிதாக எதையும் கொடுக்க வேண்டாம். பிடுங்காமல் இருந்தால் போதும்.

திட்டுவதானாலும் பரவாயில்லை, கேள்வியோடு வாருங்கள். வாயைப் பொத்திக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

பி.கு: "நீ பெரிய வாத்தியாரா?" என்று கேட்கப்போகும் அன்பர்களுக்கு: இல்லை. பதினைந்து வருஷமாக மாணவன். வயிற்று வலி வயிறு வைத்திருப்பவனுக்குத்தானே தெரியும்!